மல்லாட்டைப் பால் காப்பி

சேட்டு, பூங்காவனம்... இந்த வாரம் அப்பாவுக்குக் கோபம். உங்கள் மேல் இல்லை, பயப்படாதீர்கள். ஆனால் படித்து முடித்ததும் உங்களுக்கும் கொஞ்சம் கோபம் வர வேண்டும். வராவிட்டால்தான் எனக்குக் கவலை.

நீங்கள் இருவரும் சந்தவாசலில் அத்தை வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடம் போகிறீர்கள். அதனால் போன வாரம் நம் மலையில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. வாரா வாரம் பத்திரிகையில் இந்தப் பக்கத்தைப் புரட்டும் மற்ற பிள்ளைகளுக்கும் தெரியாது. எல்லோருக்குமாகச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். கோபத்தில் எழுதினால் வாக்கியம் கோணலாக வரும் — பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் பால்வாடிக்கு ஒரு ஜீப் வந்தது. உங்கள் அம்மா வேலை பார்க்கும் அதே பால்வாடிதான். நம் ஊருக்கு ஜீப் வருகிறது என்றால் ஒன்று, ஓட்டுக் கேட்க வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வழி தவறி வந்திருக்க வேண்டும். இது இரண்டும் இல்லை. வேர்க்கடலையிலிருந்து வீட்டிலேயே பால் எடுப்பது எப்படி என்று நம் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தார்களாம்.

அவர்களுக்கு வேர்க்கடலை. நமக்கு மல்லாட்டை. அதில் எண்ணெய் வரும், தெரியும். பால் வருமா? பெண்கள் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள்.

ஜீப்பில் வந்தவர்கள் ஒரு ஆபீசர், செய்து காட்டுவதற்கு ஒரு டீச்சரம்மா, ஒரு டிரைவர். எந்த இலாகா, என்ன பெயர் என்பதெல்லாம் வேண்டாம். பெயரைச் சொன்னால் அவர் ஒருத்தர்தான் அப்படி என்று நினைத்துவிடுவீர்கள்.

டீச்சரம்மா மலைப்பாதை முழுக்க மடியில் வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்தது ஒரு மிக்சி. இறங்கியதும் பால்வாடிச் சுவரை நாலு பக்கமும் பார்த்துவிட்டு, பிளக் எங்கே என்று கேட்டார். உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். கரண்டு வந்தால்தானே பிளக் வரும்? புறப்படுவதற்கு முன்னால் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

சரி, அதற்கு எனக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புதான் வந்தது. மிக்சி போய் மூலையில் உட்கார்ந்தது. ஆட்டுக்கல் வேலையைப் பார்த்தது.

டீச்சரம்மாவைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். நன்றாகச் சொல்லிக்கொடுத்தார். கீழேயிருந்து வரும்போதே கடலையை ஊறப்போட்டுக் கொண்டுவந்திருந்தார். அதைக் கையால் கசக்கி, தோலைக் கழித்து, தண்ணீர் விட்டு விட்டு மையாக அரைக்க வேண்டும். அரைத்ததை வெள்ளைத் துணியில் கொட்டி முறுக்கிப் பிழிந்தால்... பார்க்க அப்படியே பால்! பிறகு அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பச்சை வாசனை போகிற வரைக்கும் கொதிக்க வேண்டும், நடுவில் அடுப்பை விட்டு நகரக் கூடாது, நகர்ந்தால் பொங்கி ஊற்றிவிடும். இறக்கும்போது வெல்லமும் ஒரு ஏலக்காயும். துணியில் மிஞ்சிய சக்கையைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள், மிளகாய் வைத்துத் துவையல் அரைக்கலாம் என்றார். பெண்கள் தலையை ஆட்டிக்கொண்டார்கள். இதுவரை கோபப்பட ஒன்றும் இல்லை, இல்லையா?

இங்கே தேவகியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அலமேலுவை உங்களுக்குத் தெரியும். பால்வாடிக்கு அடுத்த வீடு. பூங்காவனத்துக்கு நாவல்பழம் மடியில் கட்டிக்கொண்டு வருவாளே, அவள்தான். அவள் மகள் தேவகிக்கு இரண்டு வயது ஆகிறது. தட்டம்மை வந்து போனதிலிருந்து குழந்தை எலும்பும் தோலுமாக இருக்கிறது. தினமும் பால் கொடு, விடாமல் கொடு என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பாலுக்கு எங்கே போவது? இந்தக் கோடையில் நம் ஊரில் கறவையில் இருப்பது முனியன் வீட்டு மாடு ஒன்றுதான். அதுவும் கன்றுக்குப் போக மிஞ்சுவதுதான். அலமேலு அந்த மாட்டுக்கு ஓடைப் பக்கமிருந்து புல் அறுத்துச் சுமந்துகொண்டு போய்ப் போடுகிறாள். அதற்குப் பதிலாக ஒரு டம்ளர் பால். அதைக் காய்ச்சி மூடி, உறியில் தொங்கவிட்டு, மத்தியானமும் சாயங்காலமுமாகப் பிள்ளைக்குக் கொடுக்கிறாள். அந்த வீட்டில் மற்றவர்கள் யாரும் அந்த உறிப் பக்கம் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை.

ஆபீசர் பேச எழுந்தபோது, முன்வரிசையில் தாயின் மடியில் இருந்த தேவகியைத்தான் காட்டிப் பேசினார். இந்த மாதிரிக் குழந்தைகளுக்காகத்தான் நாங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், பசும்பால் கிடைக்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள், இதுவும் அதுவும் ஒன்றுதான் என்றார். நல்ல பேச்சு. கைதட்டினோம். நானும் தட்டினேன்.

பால்வாடிப் பிள்ளைகள் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் குடித்தார்கள். கடைசியில் கொஞ்சம் கடலைப் பால் மிஞ்சியது. வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்க வேண்டுமே? உங்கள் அம்மா அதிலேயே காப்பி போட்டாள். நம் வீட்டில் பாலில்லாமல் வெல்லம் போட்ட வரக்காப்பிதான் என்றாலும், விருந்தாளிக்கு என்று சர்க்கரையை அள்ளிப் போட்டு மூன்று டம்ளர்.

டிரைவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். டீச்சரம்மாவும் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். ஆபீசர் டம்ளரை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். உதட்டில் படவில்லை. பக்கத்து ஜன்னலில் வைத்துவிட்டார்.

"என்னம்மா, இந்தக் கடலைப் பால்லயா போட்டீங்க? நமக்கு இதெல்லாம் சரிப்படாது. நல்ல பால் இருந்தா ஒரு வாய் போடுங்க. இல்லைன்னா விடுங்க, பரவாயில்ல."

நல்ல பால்!

ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று சொன்ன அதே வாய். அவர் வைத்ததைப் பார்த்ததும் டீச்சரம்மாவும் பாதிக் காப்பியோடு டம்ளரை வைத்துவிட்டார். பிடிக்காமல் இல்லை. மேலதிகாரி குடிக்காததை எப்படிக் குடிப்பது என்றுதான்.

அலமேலு சத்தமில்லாமல் எழுந்து வெளியே போனாள். எனக்குப் புரிந்துவிட்டது. பின்னாலேயே போனேன். அதற்குள் அவள் உறியிலிருந்து செம்பை இறக்கிவிட்டாள்.

"அது கொழந்த பாலு, அலமேலு."

"பெத்தவ நானு. எனக்குத் தெரியாதாணா?"

"தெரிஞ்சா வையி கீழ."

"வந்தவங்க வாயத் தொறந்து கேட்டுட்டாங்க. வரக்காப்பி குட்த்து அனுப்பினா கீழ போயி இன்னா பேசுவாங்க? இந்த ஊர்ல ஒரு வாய் பாலுக்குக் கதியில்லன்னு பேசமாட்டாங்களா?"

"பேசட்டுமே. கதியில்லதான?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "உனுக்கு இன்னாணா... பத்திரிகைல எழுதிட்டுப் போய்டுவ. நானு இல்ல அவுங்க மூஞ்சியப் பாக்கணும்."

செம்போடு என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

புதுக் காப்பி வந்தது. நுரையோடு வந்தது. ஆபீசர் கையில் வாங்கியபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மரியாதையாகத்தான் சொன்னேன். "சார், அது அந்தக் கொழந்தைக்கு வெச்சிருந்த பாலுங்க." தேவகியைக் கையால் காட்டினேன். சற்று முன்னால் அவர் காட்டிய அதே குழந்தை.

ஆபீசரின் கை பாதியில் நின்றது. அவர் முகம் ஒரு கணம் மாறியது, நான் பார்த்தேன். அந்த டம்ளர் கீழே இறங்கியிருக்கும். நிச்சயம் இறங்கியிருக்கும்.

அலமேலு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணா வெளாட்டுக்குச் சொல்லுதுங்க. பாலு நெறய இருக்குதுங்க. நீங்க குடிங்க சாமி."

உடனே மற்ற பெண்களும் ஆமாங்க, இருக்குதுங்க என்று ஒத்துப் பாடினார்கள். எந்த வீட்டில் இருக்கிறது? முனியன் பெண்டாட்டியே தலையை ஆட்டினாள்! உங்கள் அம்மா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபீசருக்கு உயிர் வந்தது. "பத்திரிகைக்காரர் இல்லையா... இங்கயே கதையை ஆரம்பிச்சுட்டார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் குடித்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

ஜீப்பில் ஏறும்போது அலமேலுவைக் கூப்பிட்டு, பாப்பாவுக்குத் தவறாமல் கடலைப் பால் கொடு, பசும்பாலுக்கு அது எதிலும் குறைந்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மீசையைத் துடைத்துக்கொண்டே.

பிள்ளைகளே, எனக்கு யார் மேல் கோபம்? இந்த வாரம் முழுக்க அதைத்தான் யோசிக்கிறேன்.

ஆபீசர் யாரையும் மிரட்டவில்லை. பிடுங்கவில்லை. இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் பரவாயில்லை என்று தன்மையாகத்தான் கேட்டார். அதட்டிக் கேட்டிருந்தால் யாராவது எதிர்த்துப் பேசியிருப்பார்கள். தன்மையாகக் கேட்டால் நம் ஜனங்களுக்கு இல்லை என்ற வார்த்தை வாயிலிருந்து வராது. எங்கிருந்து அந்தப் பால் வருகிறது என்று ஒரு கேள்வி... கரண்டு இருக்கிறதா என்று கேட்காதவர் இதையா கேட்டுவிடப் போகிறார்?

அலமேலு மேலும் எனக்குக் கோபம்தான். நாம் எல்லோரும் நம் வீட்டில் வரக்காப்பி குடிக்கிறோம். ருசித்துக் குடிக்கிறோம். அதையே வெளியாளுக்குக் கொடுத்தால் மானம் போய்விடுமா? பிள்ளையின் வாயிலிருந்து எடுத்துக் கொடுத்தால்தான் மானம் நிற்குமா? அப்படிப்பட்ட மானத்தை உறியில் கட்டித் தொங்கவிட வேண்டியதுதான்!

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். உனக்கு இதுவே போதும், இதுவே நல்லது என்று யாராவது சொன்னால், சொல்கிறவர் கையில் இருக்கும் டம்ளரில் என்ன இருக்கிறது என்று முதலில் எட்டிப் பாருங்கள்.

அதற்காக மல்லாட்டைப் பால் மேல் கோபப்படாதீர்கள். அது என்ன பாவம் செய்தது?

அன்றைக்குச் சாயங்காலம் தேவகிக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. உறி காலி. டீச்சரம்மா விட்டுப்போன காய்ந்த கடலையை உங்கள் அம்மா ஜீப் போன கையோடு ஊறப்போட்டிருந்தாள். நான் பால்வாடியிலேயே உட்கார்ந்து அரைத்தேன். கோபத்தில் அரைத்தால் நன்றாக மசிகிறது, தெரியுமா? அவள் பிழிந்து, அடுப்பை விட்டு நகராமல் காய்ச்சினாள்.

அலமேலு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. தேவகி முதல் வாயை நாக்கால் தொட்டுப் பார்த்தது. பிறகு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. முடிந்ததும் டம்ளருக்குள் முகத்தை விட்டு அடியில் இருக்கிறதா என்று தேடியது. மேல் உதட்டில் வெள்ளையாக ஒரு மீசை.

நாளைக்கு முனியன் வீட்டுப் பாலும் கொடு, இதையும் சேர்த்துக் கொடு, அதை நிறுத்திவிடாதே என்று உங்கள் அம்மா சொன்னாள். அலமேலு தலையாட்டினாள். புறப்படும்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.

"நல்லாதான்ணா இருக்குது. அவுங்க இன்னாத்துக்கு வாணாம்னாங்க?"

குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அலமேலுவும் குழந்தையும் போனார்கள். உங்கள் அம்மாவும் உலை வைக்க வீட்டுக்குப் போனாள். நான் ஆட்டுக்கல்லைக் கழுவிவிட்டு உள்ளே வந்தேன். ஆபீசர் வாய் வைக்காத காப்பி ஜன்னலில் அப்படியே இருந்தது. மத்தியானம் உங்கள் அம்மா அதைக் கொட்டப் போனபோது, இருக்கட்டும் என்று நான்தான் தடுத்திருந்தேன்.

எடுத்துப் பார்த்தேன். ஜில்லென்று ஆறி, மேலே ஏடு கட்டியிருந்தது. பசும்பாலில் கட்டுமே, அதே மாதிரி.

நின்றபடியே குடித்தேன். விருந்தாளிக்கு என்று அள்ளிப் போட்ட சர்க்கரை அடியில் கரையாமல் கிடந்தது. அதையும் விரலால் வழித்துத் தின்றுவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன்.