தேவை ஏற்படவில்லையாம்

அந்தப் படிவம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பதினான்காம் கேள்வியில் ‘தேவை ஏற்படவில்லை’ என்ற கட்டத்தில் நான் போட்ட டிக். அதன்மேல் தாள் கிழியும்படி அடித்த அடி. அடித்தவர் காரைக்கால் பக்கம் சுரக்குடியின் விவசாயக் கூலிப் பெண்கள் சங்கத்தின் செயலாளர். அக்கா என்றுதான் அழைப்பேன்.

பொதுமுடக்கம் தளர்ந்த சமயம். நெருக்கடியில் எந்தச் சங்கம் அரசை எப்படி அணுகியது என்று ஒரு பேராசிரியர் ஆய்வு செய்தார். சங்கம் சங்கமாகப் போய்க் கேள்வி கேட்பது என் வேலை. வியாபாரிகள் சங்கத்தில் பத்து நிமிடத்தில் முடிந்தது. அமைச்சரிடம் போனில் பேசினார்களாம், நேரிலும் பார்த்தார்களாம். எல்லாம் ‘ஆம்’.

அக்காவோ, “போனோம், பாக்க விடல” என்றார். அவர்கள் கூலிக்குப் போகும் வயல்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். எல்லையை அடைத்ததும் வீட்டில் உலை வைக்க வழியில்லை. திறக்கச் சொல்லி மனுவோடு புதுச்சேரிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். காரைக்கால்காரர்கள் தங்கள் தலைநகருக்குப் போகவே தமிழ்நாட்டைத் தாண்ட வேண்டும். எல்லைச் சாவடியிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று முறை!

படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. அமைச்சரைச் சந்திக்கவில்லை என்றால் காரணம் மூன்றுதான்: நேரமில்லை, நம்பிக்கையில்லை, தேவை ஏற்படவில்லை. வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. எதையாவது போட்டு முடிப்போமென்று கடைசிக் கட்டத்தில் டிக் அடித்தேன். வெட்கங்கெட்ட வேலைதான். அக்கா எட்டிப் பார்த்துப் படித்துவிட்டார்.

“ஏம்மா, சோத்துக்கு இல்லாம நின்னோம். தேவையில்லன்னு நாங்க எப்ப சொன்னோம்?”

பேனாவைப் பிடுங்கி அடித்தார். ஓரத்தில் தன் கையாலேயே எழுதினார்: போனோம். மறிச்சாங்க.

“ஓரத்துல எழுதுறதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறாதும்மா, புதுசா ஒண்ணு நிரப்பிக் குடுங்க” என்றார் என் மேற்பார்வையாளர். முடியாது என்றேன். வேலை போயிற்று. போகட்டுமே!

போன மாதம் அந்த ஆய்வின் அறிக்கையைப் புதுச்சேரியில் வெளியிடப் போவதாகப் போனில் ஓர் அழைப்பிதழ் வந்தது. அதிலேயே ஒரு வரி: ‘கூலித் தொழிலாளர் அமைப்புகள் அரசை அணுக ஆர்வம் காட்டவில்லை.’ மற்ற ஊர்களில் யார் யார் எந்தக் கட்டத்தில் டிக் அடித்தார்களோ! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். கத்துவார் என்று நினைத்தேன்.

“கூட்டத்துக்கு யாரு வேணா போலாமா?” என்று மட்டும் கேட்டார்.

“போலாங்க்கா.”

“வழி இப்ப தொறந்துதானே கெடக்கு. கெளம்பு.”

பதினேழு பேர் பஸ் ஏறினோம். அரங்கின் கடைசி இரண்டு வரிசையும் நாங்கள்தான். பேராசிரியர் பேசி முடித்து, கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். அக்கா மைக்குக்குக் காத்திருக்கவில்லை. எழுந்தார். பதினாறு பேரும் கூடவே எழுந்தோம்.

“சாவடி வரைக்கும் மூணு தடவ வந்தோம், நாலாவது தடவயா உள்ள வந்திருக்கோங்க” என்றார். “இப்ப நாங்க கேக்குறோம், நீங்க சொல்லுங்க.”