கத்துதா, முனகுதா?

“கத்துதா, முனகுதா?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காசம்மாள் புட்டி மூடியிலிருந்து கையை எடுப்பதில்லை. மதகடிப்பட்டுச் செவ்வாய்ச் சந்தைக்கு மாடு பிடிக்க வந்தவர், கதவுக் கீலுக்குக் கொஞ்சம் எண்ணெய் கேட்டுவிட்டு விழிக்கிறார்.

“கத்துனா ரெண்டு சொட்டு விளக்கெண்ணெ போதும். முனகுனா கீலே தேஞ்சி கெடக்குது. கொல்லன்கிட்ட போ.”

காசம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். சாக்கு விரிப்பில் ஏழு புட்டிகள். பக்கத்துத் தகர டப்பாவில் வண்டி அச்சுக்குப் பூசும் மசை. விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைப் போட்டு அவளே குழைத்தது. சைக்கிள் சங்கிலிக்கு ஒன்று, தையல் மிஷினுக்குத் தண்ணீர் போல இளகிய ஒன்று, துரு இளக்க மண்ணெண்ணெய். பூட்டுக்கு மட்டும் எண்ணெய் தரமாட்டாள். “தூசி ஒட்டி அடச்சிக்கும். பென்சில் கரியச் சுரண்டிப் போடு.”

பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே இருந்த சுங்கச் சாவடியில் அவள் புட்டிகளை ஒவ்வொன்றாக மோந்து பார்ப்பார்களாம். “சாராயம்னு ஒருத்தன் விளக்கெண்ணெய மடமடன்னு குடிச்சிட்டான். ரெண்டு நாளு சாவடிக்கே வரல!”

அவள் வீட்டுக் கதவு கத்துகிற கத்தல் தெருக்கோடிவரை கேட்கும். ஏன் என்று கேட்டேன். “அது கத்துனாத்தான் எங்க வூட்டுக்காரரு எப்ப கெளம்பறாரு, எப்ப வராருன்னு தெரியும்.”

போன மார்கழிக் கடைசியில் ஒரு செவ்வாய். பண்டசோழநல்லூர் தையற்காரர் சம்மந்தம் வண்டியிலிருந்து தம் கைமிஷினைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பின்னால் துணி மூட்டையோடு முத்துலட்சுமி. தை பிறந்ததும் அவள் மகளுக்குக் கல்யாணம். தைக்க வேண்டியது ஒன்பது ஜாக்கெட். இருந்தது நாலு நாள். மிஷின் சக்கரமோ அசையவில்லை.

“இன்னா ஊத்துன?” என்றாள் காசம்மாள்.

“மிஷின் எண்ணெதான் யக்கா.”

அவள் எண்ணெய்த் துளையை விரலால் தடவி மோந்தாள். “தேங்காயெண்ணெ. ஏன்யா, மிஷினுக்குத் தல வாரிப் பூ வெக்கப் போறியா?”

சம்மந்தம் தலை குனிந்தார். “தீந்துபோச்சி. அவசரத்துக்கு ஊத்துனேன்.”

“பனியில ஒறஞ்சி, தூசி சேந்து பிசினாப் பூடுச்சி.”

சம்மந்தம் பலங்கொண்ட மட்டும் சக்கரத்தைத் திருகப் போனார். அவர் கையில் பட்டென்று ஒரு அடி விழுந்தது. “ஒடஞ்சா ஒம்பது ஜாக்கெட்டையும் கையால தெப்பியா?”

மிஷினை வெயிலில் வைத்தாள். துளைதோறும் மண்ணெண்ணெய் விட்டாள். முத்துலட்சுமி சூரியனைப் பார்ப்பதும் மிஷினைப் பார்ப்பதுமாக நின்றாள். “காசம்மா, வேற ஊருக்கு ஓடட்டுமா? நெட்டப்பாக்கத்துல ஒரு மிஷின் இருக்குதாம்.”

“சும்மா நில்லு.”

அரை மணி கழித்து, சக்கரத்தை ஒரே விரலால் முன்னும் பின்னும் அசைத்தாள். அரிசியளவு நகர்ந்தது. பிறகு அரை வட்டம். கடைசியில் கறுப்பாகக் கசிந்ததைத் துடைத்துவிட்டு, மிஷின் எண்ணெயைத் துளைக்கு ஒரு சொட்டாக விட்டாள். சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது. சம்மந்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஓட்டிப் பாரு.”

முத்துலட்சுமி அவசரமாக மூட்டையைப் பிரித்து அரக்கு நிறப் பட்டுத் துணியை ஊசிக்கு நேரே நீட்டினாள். காசம்மாள் பதறித் தடுத்தாள். “மொதத் துணியில கறை எறங்கும்டி! வேற துணி குடு.”

வேறு துணி இல்லை. மூட்டையில் இருந்ததெல்லாம் கல்யாணத் துணி. காசம்மாளிடம் இருந்த கந்தல்களிலோ மசை அப்பியிருந்தது.

காசம்மாள் ஒரு கணம் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். தீபாவளிக்கு எடுத்த மஞ்சள் சேலை, இரண்டாம் தடவை கட்டியது. முந்தானையை உருவி ஊசிக்கடியில் வைத்து, துணியை அழுத்தும் மிஷின் காலைத் தானே இறக்கினாள்.

“சுத்துய்யா.”