கொதிக்க வைத்தால் போகாது

மூன்றாவது ஆய்விதழும் என் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்ட செய்தி, பாடி மேம்பாலத்தருகே பேருந்து நகராமல் நின்றிருந்தபோது வந்தது. மதிப்பீட்டாளரின் குறிப்பில் கோபம்கூட இல்லை. அளவீடுகள் கவனமாகச் செய்யப்பட்டிருக்கின்றன, ஆனால் இவர் என்ன சொல்ல வருகிறார் என்பது கடைசிவரை விளங்கவில்லை என்று எழுதியிருந்தார். கைபேசியைப் பைக்குள் போட்டேன். முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து ஆறாவது வருடம். அழக்கூடத் தெம்பில்லை.

அம்பத்தூர்ப் பக்கம் ஒரு தெருவில் பதினோரு வீடுகளின் போர் தண்ணீரைச் சோதிப்பது என் ஆய்வில் ஒரு பகுதி. கோடையில் ஒரு முறை எடுத்துச் சோதித்து, வீட்டுக்கு ஒரு தாள் முடிவு எழுதிக் கொடுத்திருந்தேன். இப்போது மழைக்காலம் முடிந்து இரண்டாம் முறை எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வீட்டு அக்கா பேக்கிங் கம்பெனியில் வேலை பார்ப்பவர். அன்று அவருக்கு லீவு. கோடையில் கர்ப்பமாக இருந்த மருமகள், மடியில் மூன்று மாதக் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் வாயில் பால் பாட்டில்.

"தாய்ப்பால் பத்தல. பவுடர் பால்தான்," என்றார் அக்கா. "நீ குட்த்த பேப்பர பத்ரமா வச்சிகினு கீறேன்மா. அதுல சொன்ன மாரியே தண்ணிய இருவது நிமிசம் நல்லா கொதிக்க வெச்சிதான் கலக்கறோம்."

அந்தத் தெருத் தண்ணீரில் இருந்தது நைட்ரேட் என்ற உப்பு; அது கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் ஆவியாகப் போக, மிச்சத்தில் அது இன்னும் கூடும். சின்னக் குழந்தைகளுக்கு அது ரத்தத்தில் பிராணவாயுவைக் குறைத்துவிடும், உதடு நீலமாகும். என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்திலேயே இதை எழுதியிருக்கிறேன். குனிந்து குழந்தையின் உதட்டைப் பார்த்தேன். சிவப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் என் கண்ணை நான் நம்பவில்லை.

"அக்கா, அந்தப் பாலை நிறுத்துங்க. கேன் தண்ணில கலக்கிக் குடுங்க. இப்பவே டாக்டர்கிட்ட போகலாம்."

அவர் பீரோவிலிருந்து என் தாளை எடுத்து வந்தார். 'நைட்ரேட் அளவு அனுமதிக்கப்பட்ட வரம்பைக் கடந்துள்ளது. உரிய சுத்திகரிப்புக்குப் பின் பயன்படுத்துவது பரிந்துரைக்கப்படுகிறது.' சுத்திகரிப்பு என்றால் கொதிக்க வைப்பது என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். தாளில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. எழுதிய அன்று எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நான் விளக்கியதை அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, "அத்த அப்பவே எய்தி இருக்கலாம்லமா?" என்றார். திட்டவில்லை.

ஆட்டோவில் நாங்கள் மூவரும் குழந்தையைக் கொண்டுபோனோம். டாக்டரிடம் தண்ணீரின் அளவைச் சொன்னேன். ரத்தப் பரிசோதனை செய்து, குழந்தைக்கு ஒன்றுமில்லை, இனி அந்தத் தண்ணீர் வேண்டாம் என்றார். மருமகள் அப்போதுதான் அழுதாள். நான் வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றேன்.

அன்று மாலைக்குள் மற்ற வீடுகளின் கதவையும் தட்டினேன். இன்னும் இரண்டு வீட்டில் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர், "லேப்ல டெஸ்ட் பண்ண தண்ணிமா இது," என்று எனக்கே ஒரு டம்ளர் நீட்டினார்.

மறுநாள் புதிய தாள் எழுதினேன். 'இந்தத் தண்ணீரைக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காதீர்கள். கொதிக்க வைத்தாலும் கெடுதல் போகாது. துணி துவைக்கலாம், குளிக்கலாம்.' அக்காவின் மருமகளிடம் படிக்கக் கொடுத்து, என்ன புரிந்தது என்று கேட்டேன். "அப்போ சோறு வடிக்கலாமா?" என்றாள். அதை நான் யோசிக்கவே இல்லை. 'சமைக்கவும் வேண்டாம்' என்று சேர்த்தேன். அந்த நான்கு வரிக்கு ஒரு முழு நாள் ஆயிற்று.

அதன்பின் ஆய்விதழுக்கான கட்டுரையைத் திறந்தேன். நான் கண்டுபிடித்த விஷயம் பதினேழாம் பக்கத்தில், ஒரு நீண்ட வாக்கியத்தின் வாலில் கிடந்தது. எடுத்து முதல் பத்தியில் வைத்தேன். என் ஆய்வு நெறியாளர் படித்துவிட்டு, "பேப்பர் நியூஸ் மாதிரி இருக்கேம்மா, கொஞ்சம் கனமா எழுதக்கூடாதா?" என்றார். "புரியுதா சார்?" என்று கேட்டேன். புரிகிறது என்றார். அப்படியே அனுப்பினேன். நான்காவது இதழ் சின்னத் திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டது. மகிழ்ச்சி வரும் என்று நினைத்தேன். தூக்கம்தான் வந்தது.

ஆய்வேட்டில் இன்னும் நான்கு அத்தியாயங்கள் மீதி. எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும். முகப்பேரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் நகர்ந்தால் பெரிது.

போன மாதம் மூன்றாம் முறை தண்ணீர் எடுக்கப் போனேன். அக்கா பாட்டிலை வாங்கிக்கொண்டு போய் நிரப்பி, கேட்டருகிலேயே கொடுத்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. "கொய்ந்த நல்லா கீது," என்றார், நான் கேட்பதற்கு முன்பே. சரிக்கா என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.