மோப்பக்காவின் பதினோரு மாதங்கள்

வேதியியல் துறையின் வருகைப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு கணம் தாமதித்துத்தான் திரும்புவாள். மாணவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் வாசல் காவலருக்கும் அவள் மோப்பக்காதான்.

அந்தப் பெயர் வந்தது இருபது வருடங்களுக்கு முன்னால். அப்போது அவள் வெறும் ஆய்வக உதவியாளர். ஒருநாள் காலையில் மாடிப்படி ஏறும்போது நடுப்படியில் நின்று, "எங்கேயோ கேஸ் கசியுது" என்றாள். கூட ஏறிய நான்கு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவள் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கதவாக நின்று பார்த்து, பூட்டியிருந்த ஓர் அறையின் முன்னால் போய் நின்றுவிட்டாள். திறந்து பார்த்தால், அடுப்புக் குழாயின் திருகு பாதி திறந்து கிடந்தது. அன்றைய துறைத் தலைவர் வியந்துபோய், "இந்த மூக்குக்கு ஒரு பதவி குடுக்கணும்யா" என்றார். சொன்னபடியே, துறைக்குப் பாதுகாப்புப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தபோது, யாரும் கையைத் தூக்காத அந்தக் கூட்டத்தில் அவள் பெயரை எழுதிவிட்டார்.

அவள் அந்த வேலையை ஒப்புக்குச் செய்யவில்லை. திங்கட்கிழமைதோறும் எல்லா ஆய்வகங்களிலும் கண் கழுவும் குழாய்களைத் திறந்து, துருத் தண்ணீர் போய்த் தெளியும்வரை ஓடவிடுவாள். தீயணைப்பான்களின் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்ப்பாள். புகைபோக்கிப் பெட்டியின் வாயில் மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்து, அது உள்ளே இழுபடுகிறதா என்று சோதிப்பாள். அமிலமும் கரைப்பானும் ஒரே அலமாரியில் இருந்தால், வைத்தவரைத் தேடிப் போய், "ரெண்டும் ஒரே வீட்ல குடித்தனம் பண்ணாதுப்பா, பிரிச்சு வை" என்பாள். வருடத்துக்கு இரண்டு முறை ஒத்திகை மணி அடிப்பாள். பாதிப் பேர் வெளியே வருவார்கள். மீதிப் பேர் சன்னல் வழியாக, "அக்கா, நாங்க செத்துட்டோம்னு எழுதிக்கோங்க" என்று கத்துவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வாள்.

வீடு என்பது மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின் தங்கையைப் படிக்க வைத்துக் கல்யாணம் செய்து கொடுத்தாள். தனக்கென்று யோசிக்க வேண்டிய வயது எப்போது வந்து எப்போது போனதென்று அவளுக்கே சரியாகத் தெரியாது. தங்கை தூரதேசத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் வரும். குழந்தைகள் ஒரு வார்த்தை பேசிவிட்டு ஓடிவிடும். பத்தே கால் ஆனதும் அந்த வாரத்துப் பேச்சு முடிந்துவிடும்.

அவளுக்கு ஐம்பத்தோரு வயது நடந்தபோது ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுத்துக் கிடந்தாள். பக்கத்து வீட்டு அம்மா கதவடியில் கஞ்சி வைத்துவிட்டுப் போவாள். காய்ச்சல் விட்டு மூன்றாம் நாள், பாலை அடுப்பில் வைத்துவிட்டு உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அம்மா கதவை இடித்தாள்.

"என்னம்மா பண்றீங்க உள்ள? மாடி முழுக்கத் தீய்ஞ்ச நாத்தம்! எனக்கு உசிரே போயிடுச்சு."

பாத்திரம் அடியோடு கறுத்து, சமையலறை முழுக்கப் புகை. அவள் நடுவில் நின்று மூச்சை இழுத்தாள். கண் எரிந்தது. மூக்கில் ஒன்றும் இல்லை. சோப்பை எடுத்து முகர்ந்தாள். வெங்காயத்தை நசுக்கி முகர்ந்தாள். எதிலும் ஒன்றும் இல்லை.

டாக்டர் மூக்குக்குள் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "சிலருக்கு ஒரு மாசத்துல திரும்பிடும். சிலருக்கு வருஷமாகும். சிலருக்கு…" என்று நிறுத்திக்கொண்டார். "என்ன வேலை பாக்கிறீங்க?" என்று கேட்டார். "பல்கலைக்கழகத்துல" என்று மட்டும் சொன்னாள்.

அன்றே துறைத் தலைவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போனாள். இப்போதைய தலைவர் புதியவர். அறைக்குள் யாரோ விருந்தாளிகள் இருந்தார்கள். அவளைப் பார்த்ததும் அவர், "இவங்கதான் நான் சொன்னேனே, எங்க மோப்பக்கா. கேஸ் கண்டுபிடிக்கிற கருவி வேணும்னு மூணு தடவை எழுதிக் கேட்டாங்க. நடமாடும் கருவி ஒண்ணு நம்மகிட்ட இருக்கும்போது அது எதுக்கும்மான்னு சொல்லிட்டேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு, எதற்கு வந்தோம் என்பதை விட்டுவிட்டு, தீயணைப்பான் நிரப்புவதைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பினாள். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரமும் அப்படியே நினைத்தாள்.

ஒரு பொய்யைக் காப்பாற்றுவது எவ்வளவு வேலை என்று அந்த மாதங்களில் தெரிந்துகொண்டாள். ஆய்வகத்துக்குள் போனால் அங்கிருக்கும் மாணவனைப் பிடித்து, "என்ன வாசனை வருது, சொல்லு பார்ப்போம்" என்பாள். அக்கா சோதிக்கிறாள் என்று நினைத்து அவனும் கண்ணை மூடி முகர்ந்து, "அசிட்டோன்… கொஞ்சம் வினிகர் மாதிரி" என்பான். "பரவாயில்ல, தேறிடுவே" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

வெளியே தெரியாத வேலைகள் இன்னும் அதிகம். தன் உடம்பில் நாற்றம் அடிக்கிறதா என்று அவளுக்குத் தெரியாது. காலையும் மாலையும் குளித்தாள். கட்டிய துணியை உடனே துவைத்தாள், அலசியதை மறுபடி அலசினாள். பேருந்தில் பக்கத்தில் யாராவது எழுந்து வேறு இடம் போனால், அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருப்பாள். பால் திரிந்ததா என்று தெரியாமல் பால் வாங்குவதையே நிறுத்தினாள். சாப்பாடு வாயில் வெறும் சூடாகவும் மெதுமெதுப்பாகவும் மட்டும் இருந்தது. மதியம் பணியாளர் அறையில் ஆளாளுக்கு டப்பாவைத் திறந்து, "அக்கா, இதைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்க, எப்படி இருக்கு?" என்று நீட்டுவார்கள். எப்படி இருக்கிறது என்று சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. பல்வலி என்று ஒரு வாரம் தள்ளினாள். பிறகு வேலை இருக்கிறது என்று தன் மேசையிலேயே சாப்பிட ஆரம்பித்தாள். இரண்டு மாதத்தில் அவளைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். தப்பாக நினைத்து அல்ல. கூப்பிட்டால் வரமாட்டாள் என்று ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

தங்கையிடமும் சொல்லவில்லை. பதினைந்து நிமிடத்தில் எங்கே ஆரம்பிப்பது?

பதினோராவது மாதம். தேர்வு விடுமுறை, கட்டடத்தில் ஆள் நடமாட்டம் குறைவு. பிற்பகல் இரண்டரை மணிக்கு மேசையில் போன் அடித்தது. இரண்டாம் மாடி ஆய்வகத்தில் தனியாக வேலை செய்துகொண்டிருந்த ஆராய்ச்சி மாணவி.

"அக்கா, இங்க ஏதோ நாத்தம் வருது. அழுகின முட்டை மாதிரி. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

மாடி ஏறினாள். மாணவி வாசலில் நின்றாள். மோப்பக்கா உள்ளே போய், வழக்கம்போல் மூக்கைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு அடுப்புத் திருகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். எல்லாம் மூடியிருந்தன. மூலையில் இருந்த தொட்டியில் எட்டிப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. பல நாளாகத் தண்ணீர் விடாத தொட்டியில் சாக்கடை வாடை மேலே ஏறும். இதற்கு முன் பல தடவை பார்த்திருக்கிறாள். குழாயைத் திறந்து தொட்டியில் தண்ணீர் விட்டாள்.

"இப்ப என்ன வாசனை வருது, நீயே சொல்லு" என்றாள்.

"இப்ப எனக்கும் சரியாத் தெரியலக்கா. மூக்கு பழகிடுச்சோ என்னமோ. உங்களுக்கு வருதா?"

ஒரு கணம். ஒரே ஒரு கணம்தான்.

"ஒண்ணும் இல்லம்மா. தொட்டி காஞ்சிருக்கு, அதான். தண்ணி ஊத்தியாச்சு, சரியாயிடும்."

மாணவி உள்ளே போய் உட்கார்ந்தாள். மோப்பக்கா கீழே வந்து புகார்ப் பதிவேட்டைத் திறந்தாள். அந்தப் படிவத்தை வடிவமைத்ததே அவள்தான். தேதி, நேரம், இடம் எழுதினாள். நான்காவது கட்டத்தில், 'கண்டறிந்த முறை' என்று இருந்தது. 'முகர்ந்து பார்த்தது' என்று இத்தனை வருடமும் எழுதியவள். பேனாவை வைத்தாள், எழுத்து வரவில்லை. பக்கத்துக் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். திருகுகளைத் தொட்டுப் பார்த்தேன் என்று எழுதலாமா என்று யோசித்தாள். திருகுக்கும் சுவருக்கும் நடுவில் ரப்பர்க் குழாய் இருக்கிறது. அதை அவள் பார்க்கவில்லை. அது ஓடும் அலமாரிக்குப் பின்னால் கைவிட்டுப் பார்க்கத் தோன்றவே இல்லை. இத்தனை வருடமும் அவளுக்கு அதற்கு அவசியமே வந்ததில்லை.

எழுந்து ஓடினாள். ஐம்பத்திரண்டு வயதில் அவள் ஓடியதை வாசல் காவலர் பிறகு பல பேருக்குச் சொன்னார். முதலில் கட்டடத்தின் பின்பக்கம் போய் எரிவாயுவின் தலைத் திருகை மூடினாள். வாசலில் இருந்த அபாய மணியின் கண்ணாடியை உடைத்து அழுத்தினாள். பிறகு மாடிப்படியில், "யாரும் சுவிட்சத் தொடாதீங்க! அப்படியே இறங்குங்க!" என்று கத்திக்கொண்டே ஏறினாள். மாணவி மேசைமேல் தலை கவிழ்ந்து கிடந்தாள். கூப்பிட்டால் கண் திறந்தது, கால் நிற்கவில்லை. அக்குளில் கைகொடுத்து, பாதி நடத்தி, பாதி இழுத்துக் கீழே கொண்டுவந்தாள்.

தீயணைப்பு வண்டி வந்தது. கருவியோடு மேலே போன ஆள் இறங்கி வந்து, "அலமாரிக்குப் பின்னால ரப்பர்க் குழாய் வெடிப்பு விட்டிருக்கு. தரையோட தேங்கி நிக்குது. ஒரு சுவிட்சு போட்டிருந்தா மாடியே இருந்திருக்காது" என்றார். வண்டி நிறுத்தும் இடத்தில் கூடி நின்றவர்களிடையே ஒரு சத்தம் எழுந்தது. யாரோ கைதட்டினார்கள். எல்லாரும் தட்டினார்கள்.

"மோப்பக்கா மூக்குன்னா மூக்குதான்யா!"

துறைத் தலைவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அத்தனை பேர் நடுவில் நின்றபோதுதான், அந்த வருடத்திலேயே மிகத் தனியாக இருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் காலை அறிக்கையை எடுத்துக்கொண்டு தலைவர் அறைக்குப் போனாள். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். பாதியில் நிமிர்ந்தார்.

"என்னம்மா இது?"

"நடந்ததுதான் சார். எனக்குப் பதினோரு மாசமா வாசனை தெரியாது. முதல் தடவை போனப்ப ஒண்ணும் இல்லைன்னு நான்தான் சொன்னேன்."

"இதை யாரும்மா கேட்டா? எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருக்கு. நாளைக்குப் பாராட்டுக் கடிதம் குடுக்கலாம்னு இருக்கேன். நீங்களே ஏன் உங்க தலையில மண்ணை வாரிப் போட்டுக்கறீங்க?"

"அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரில இருக்கு சார்."

அவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுக்க நீட்டினார். அவள் வாங்கவில்லை. கையெழுத்துப் போட்டாயிற்று என்றாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மாணவி தலையணையில் சாய்ந்திருந்தாள். தலைவலி குறைந்திருந்தது, நாளைக்கு அனுப்பிவிடுவார்களாம். அறிக்கை விஷயம் அதற்குள் அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

"நான் வாசல்லதான் நின்னேன்க்கா" என்றாள் மாணவி. குரல் உயரவில்லை. "நீங்க ஒண்ணும் இல்லைன்னு சொன்னதாலதான் திரும்ப உள்ள போய் உக்காந்தேன்."

"தப்புதாம்மா."

"தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

மாணவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மோப்பக்கா நாற்காலியிலிருந்து எழுந்தாள். தண்ணீர் பாட்டிலைக் கைக்கெட்டும் இடத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

விசாரணை மூன்று வாரம் நடந்தது. பொறுப்பிலிருந்து அவளை நீக்கினார்கள். வேலை போகவில்லை, கண்ணாடிப் பாத்திரங்கள் வைக்கும் கிடங்குக்கு மாற்றினார்கள். மூன்று தடவை கேட்டுக் கிடைக்காத கருவிகள் ஒரே மாதத்தில் எல்லா ஆய்வகச் சுவரிலும் அடிமட்டத்தில் பொருத்தப்பட்டன. அவற்றைச் சோதிக்கும் பட்டியலைப் புதிய பொறுப்பாளரான இளம் விரிவுரையாளருக்கு அவளே எழுதிக் கொடுத்தாள். பதினான்கு பக்கம். அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். மோப்பக்கா என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. வெறும் அக்கா. இரக்கத்தாலா, கோபத்தாலா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

விசாரணை முடிந்த வார ஞாயிற்றுக்கிழமை தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஏன்க்கா எங்கிட்டகூடச் சொல்லல?"

"நீ என்னடி பண்ணியிருப்பே அங்கிருந்து?"

"ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேன். கேட்டிருப்பேன்ல."

அன்று பேச்சு முக்கால் மணி நேரம் ஓடியது. அடுத்த வாரம் மறுபடி பதினைந்து நிமிடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் தங்கை முதலில் கேட்கும் கேள்வி மட்டும் மாறியிருந்தது. "ஏதாவது வாசனை வந்துச்சாக்கா?" என்பாள். "இல்லடி" என்பாள் இவள்.

மாணவி கிடங்குக்கு இரண்டு முறை வந்தாள். வேண்டிய குடுவைகளின் சீட்டை நீட்டினாள், வாங்கிக்கொண்டாள், போனாள். இரண்டாவது முறை, "வரேன்க்கா" என்றாள். மோப்பக்கா அதற்குமேல் எதிர்பார்க்கவில்லை.

இப்படியே இன்னொரு வருடம் போனது. ஒரு காலை, கிடங்குப் பூட்டைத் திறக்கும்போது அவள் கை நின்றது. மூக்கின் உச்சியில் எங்கோ, ஊசி நுனி அளவுக்கு, காரமாக ஏதோ குத்தியது. திரும்பிப் பார்த்தாள். தாழ்வாரத்தின் கோடியில் துப்புரவு வேலைக்கு வரும் பெண் வாளியை வைத்துத் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அவளை நோக்கி வேகமாக நடந்தாள்.

"பினாயில் வாடை வருது!"

அந்தப் பெண் பயந்து நிமிர்ந்தாள். "அதிகமா ஊத்தலக்கா. ஒரே ஒரு மூடிதான் ஊத்தினேன். வேணும்னா தண்ணி மாத்திடறேன்."

"மாத்தாதே, மாத்தாதே. துடை. நீ பாட்டுக்குத் துடை."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள். மோப்பக்கா சுவரோரமாக ஒதுங்கி, ஈரத் துணி போகும் பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தாழ்வாரம் முழுவதும் துடைத்து முடியும்வரை அங்கேயே நின்றாள். மாலைக்குள் அந்த வாடையும் அவள் மூக்கைவிட்டுப் போனது. தங்கை போன் செய்யும் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.