சித்தப்பா கொண்டுவந்த செவ்விளநீர்

தாதியர் பயிற்சியில் சேர்ந்த புதிதில் இரசாயனவியல் என்றாலே எனக்கு எரிச்சல். ஊசி போடக் கற்றுத்தருவார்கள் என்று போனால், கரும்பலகை நிறைய அயன்களை எழுதி உயிரை வாங்கினார்கள். பொற்றாசியம் பற்றிய பாடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதயம் ஒழுங்காகத் துடிக்க அது வேண்டும், மிஞ்சினால் அதுவே இதயத்தை நிறுத்திவிடும், மிஞ்சியதை வெளியேற்றுவது சிறுநீரகம் என்றார் ஆசிரியை. பொற்றாசியம் கூடிய உணவுகளைச் சொல்லிக்கொண்டு வந்தவர் இளநீர் என்றதும் எனக்கு அப்பாவின் நினைவு வந்தது.

எங்கள் ஊரான விசுவமடுவில் இருந்த அப்பாவுக்குச் சிறுநீரகங்கள் பழுதாகி, ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. இளநீரோடு வந்து, தாங்களே வெட்டிக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பார்கள்.

அன்றே அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்துப் படித்ததையெல்லாம் கொட்டினேன்.

"ஆஸ்பத்திரியிலயும் இதைத்தான் சொன்னவை பிள்ளை. கிட்னிக்குக் குளிர்ச்சி எண்டு சனம் கொண்டருதே, என்ன செய்யிறது?"

"பிறகு குடிக்கிறன் எண்டு சொல்லி வாங்கி வையுங்கோ. குடிக்காதேங்கோ."

அப்பா அப்படியே செய்தார். வந்த இளநீரெல்லாம் அம்மாவின் வயிற்றுக்குள் போனது.

நான் விடுமுறையில் வீட்டில் நின்றபோது சித்தப்பா வந்தார். அப்பாவோடு போட்ட எல்லை வேலிச் சண்டைக்குப் பிறகு பல வருடங்களாக எங்கள் வாசல் மிதிக்காத மனிதர். ஒரு செவ்விளநீரை வெட்டி இரண்டு கையாலும் நீட்டினார். நான் எழுந்தேன். அப்பா என்னைப் பார்த்துத் தலையசைத்தார், பேசாதே என்று. பிறகு வாங்கி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.

சித்தப்பா படலை தாண்டியதும் கத்தினேன். "என்னப்பா செய்தனீங்கள்? தெரியாமலே குடிச்சனீங்கள்?"

"தெரியும் பிள்ளை. பிறகு குடிக்கிறன் எண்டு அவனுக்கு எப்பிடிச் சொல்லுறது? திரும்பி வருவானோ?"

உடனே ஓட்டோவைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம்; ஒரு மணித்தியாலப் பயணம். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர முன்பே, என் விரலுக்கடியில் அப்பாவின் நாடி தடுமாறி நின்றுவிட்டது. இளநீர்தான் காரணம் என்று எவரும் எழுதித் தரவில்லை. எனக்குச் சந்தேகமில்லை. அப்பா மேல் எனக்கு இன்னும் கோபம். அந்த ஒரு முறையாவது எங்களை நினைத்திருக்கலாம் என்று அழுகிறேன்.

செத்தவீட்டில் சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

"அண்ணை என்னோட கோவத்தோட போகேல்லை பிள்ளை. கடைசியா என்ர கையாலதான் வாங்கிக் குடிச்சவர். எனக்கு அது போதும்."

"ஓம் சித்தப்பா," என்றேன்.