ஓடை தாண்டிய வண்டி

மழை ஓய்ந்ததும் எங்கள் பக்கத்து மண்ணிலிருந்து எழும் வாசனை மற்ற ஊர்களின் மண்வாசனை போல இருக்காது. நனைந்த தீக்குச்சித் தலையை மூக்கருகே பிடித்தால் ஒரு நெடி வருமே, அதுதான். சாத்தூரிலிருந்து சிவகாசி போகும் வழியில், கருவேலங்காட்டுக்குள் மூடிக்கிடந்த ஒரு பழைய பட்டாசுக் கம்பெனியின் நிலத்தில் அந்த நெடி இன்னும் அதிகம். தொண்ணூறுகளில் ஒரு கோடை விடுமுறையில் நானும், அடுத்த வீட்டு ஜேசுராஜும், அவனுடைய கூட்டாளி காதரும் அங்கேதான் சைக்கிளில் ஓடை தாண்டப் பழகினோம். அந்தக் கோடைக்குப் பிறகு ஜேசுராஜ் நேராக நடக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த நாட்களில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷத்தையும் நான் இதோடு சேர்த்துத்தான் நினைக்க வேண்டியிருக்கிறது.

வண்டி ஜேசுராஜுடையது. விருதுநகரில் ஒரு எண்ணெய் வியாபாரி வீட்டில் வேலை பார்த்த அவனுடைய சித்தப்பா, அந்த வீட்டுப் பையன் வளர்ந்துவிட்டதால் சும்மா கிடந்த "பிஎம்எக்ஸ்" சைக்கிளை பஸ்ஸின் கூரையில் போட்டுக் கொண்டுவந்தார். குட்டையான வண்டி, தடித்த டயர், ஹேண்டில்பாரின் குறுக்குக் கம்பியில் கிழிந்த பஞ்சு உறை. "கேரியர் இல்லாத வண்டியெல்லாம் ஒரு வண்டியாப்பா? ஒரு மூட்டை அரிசி வைக்க முடியுமா?" என்று தெருவில் பெரியவர்கள் சிரித்தார்கள். ஜேசுராஜ் ஒன்பதாம் வகுப்பில் பெயிலாகியிருந்தான். ஜூன் மாதம் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் அவனைச் சேர்த்துவிடுவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. அதற்குள் ஓடையைத் தாண்டிவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவன் நினைப்பு.

அந்த ஓடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறைகளைத் தனித்தனியாகக் கட்டி, ஒன்று வெடித்தால் அடுத்தது பற்றாமலிருக்க இடையில் ஆளுயரத்துக்கு மேல் மண்மேடு போடுவார்கள். பட்டாசுக்கு இடும் கலவையை எங்கள் ஊரில் "மருந்து" என்றுதான் சொல்வது. அந்தக் கம்பெனியின் அறைகள் இடிந்து போயிருந்தன. மேடுகள் மட்டும் நின்றன. இரண்டு மேடுகளுக்கு நடுவே மழைத்தண்ணீர் அரித்த பள்ளம்தான் எங்கள் ஓடை. ஒரு மேட்டிலிருந்து இறங்கி, வேகமெடுத்து, அதைத் தாண்டி எதிர்ப்பக்கம் விழ வேண்டும்.

எங்களுக்குக் கற்றுத்தர ஆளில்லை. முதலில் செங்கல்லின் மேல் பலகையைச் சாய்த்துப் பழகினோம். பெடல் இரண்டையும் சமமாக வைத்து, இருக்கையை விட்டு எழுந்து, பலகையின் நுனி வரும்போது உடம்பைச் சுருக்கி ஹேண்டில்பாரை மார்புக்கு இழுக்க வேண்டும் என்பதை, பெடலின் இரும்புப் பல் கெண்டைக்காலைக் கிழித்துக் கிழித்துத்தான் தெரிந்துகொண்டோம். நான் யாரிடமும் வாய் திறந்து பேசாத பெண். பாவாடையைத் தூக்கிச் செருகி, உள்ளே அண்ணனின் பழைய அரைக்கால் சட்டையோடு நான் வண்டியேறியதைப் பார்த்து, "ஏ புள்ள ஸ்டெல்லா, சர்ச்சுல பாடச் சொன்னா வாய் வராது, இங்கன மட்டும் றெக்க மொளைக்குதோ?" என்றான் காதர். நான் வண்டியை மேட்டுக்குத் தள்ளினேன். மேட்டிலிருந்து இறங்கும்போது யாரும் என்னிடம் பேச்சை எதிர்பார்ப்பதில்லை என்பதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

தாண்டி இறங்கும்போது வண்டி மற்ற இருவரிடம் தடாலென்று விழுந்தது, என்னிடம் விழவில்லை. அதற்குக் காரணம் என் அம்மா. அம்மா வேறொரு கம்பெனியில் மருந்து அறையில் வேலை பார்த்தாள். அங்கே செருப்பு கூடாது, இரும்பு கூடாது, எதையும் தரையில் இழுக்கக் கூடாது, உரசினால் போதும். அந்தப் பழக்கம் அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. குடமானாலும் பெஞ்சானாலும் எங்கள் வீட்டில் ஒரு பொருள் தரையில் உரசும் சத்தம் கேட்கவே கூடாது. "இழுக்காத. தூக்கி வை" என்பாள், நான் நடை பழகும்போதே கேட்ட பேச்சு அது. பழகிய கை வண்டியையும் அப்படித்தான் இறக்கி வைத்தது. ஜேசுராஜுக்கோ இறங்கியதும் பின் பிரேக்கை அழுத்தி, வண்டியைச் சாய்த்து, "சர்ர்ர்" என்று புழுதி கிளப்பி நிறுத்துவதில்தான் பெருமை.

எதிர்ப்பக்கம் வெறும் சரளைக்கல். விழுந்தால் எலும்பு மிஞ்சாது. மெத்தென்று ஒரு சரிவு வேண்டும். மே மாதம் ஒரு கோடை மழை பெய்த மறுநாள், கம்பெனியின் பழைய கழிவுக் குழியில் சாம்பல் நிறத்தில் பொதபொதவென்று மண் கிடப்பதைக் காதர்தான் முதலில் பார்த்தான். "ஆலங்குளத்து சிமெண்டுலே இது, ஓசியில கெடைக்குது" என்றான். அது என்னவென்று எங்களுக்குத் தெரியாமலில்லை. கூட்டிப் பெருக்கிய மருந்தையெல்லாம் அந்தக் குழியில்தான் கொட்டியிருப்பார்கள். ஆனால் நாங்கள் அந்த ஊர்ப் பிள்ளைகள். நனைந்த வெடி வெடிக்காது என்பது எங்களுக்குத் தீபாவளிதோறும் தெரிந்த விஷயம். "நனைஞ்ச மருந்து செத்த மருந்துலே" என்றான் ஜேசுராஜ். அவன் அப்பா சொல்வது அது. வெளியூர்ப் பிள்ளையாக இருந்திருந்தால் அந்த நெடிக்கே பயந்து விலகிப் போயிருக்கும். நாங்கள் சாந்துச் சட்டியில் அள்ளி அள்ளிச் சரிவு கட்டினோம். செத்த மருந்தை வெயில் காய வைக்கும் என்பது மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

அதன்பின் மழையில்லை. சரிவு இறுகட்டும் என்று ஒரு வாரம் போல விட்டுவைத்தோம். பிறகு ஒரு சாயங்காலம் போனோம். "பொம்பளப் பிள்ள மொதல்ல தாண்டட்டும்லே, விழுந்தா நாம வீட்டுக்குப் போயிருவோம்" என்று காதர் சிரித்துவிட்டு, என் அம்மாவை ஏற்றிவரும் கம்பெனி வேன் வருகிறதா என்று பார்க்க ரோட்டுப் பக்கம் போனான். வேன் திரும்பும் நேரம் அது. அம்மா கண்ணில் பட்டால் அன்றோடு எனக்கு எல்லாம் முடிந்துவிடும்.

நான் தாண்டினேன். மேட்டின் விளிம்பு காலுக்கடியிலிருந்து விலகியதும், கீழே பள்ளத்தில் என் நிழலும் வண்டியின் நிழலும் ஒன்றாகப் போவதைப் பார்த்ததும், பின் சக்கரம் முதலில் மண்ணைத் தொட்டு முன் சக்கரம் அதன் பிறகு வந்து அமர்ந்ததும் இன்றைக்கும் என் உடம்பில் இருக்கின்றன. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து ஜேசுராஜிடம் கொடுத்தேன். அவன் என்னையே பார்த்தான். பிறகு மேட்டில் ஏறினான்.

அவனும் தாண்டினான். அதையும் எழுதிவிட வேண்டும். ஓடையை அவன் சுத்தமாகத் தாண்டினான். இறங்கியதும் "ஏ" என்று கத்தி, பிரேக்கை அழுத்தி வண்டியைச் சாய்த்தான். பெடலின் இரும்பு சரிவுக்குள் இருந்த கல்லில் உரசியது.

வெடிச்சத்தம் இல்லை. பெரிய பெருமூச்சு போல ஒரு சத்தமும், கண்ணைப் பறித்த வெள்ளை வெளிச்சமும்தான். பார்வை திரும்பியபோது அவன் கால்சட்டை எரிந்துகொண்டிருந்தது. தீப்பிடித்தால் ஓடாதே, மண்ணில் புரள் என்பதுதான் எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லி வைத்திருப்பது. அவன் புரண்டான். அந்த மண்ணிலேயே புரண்டான். அது மறுபடி மறுபடி பற்றியது. "அங்கன பெரளாதலே, வெளிய வா" என்று நான் கத்தினேன். என் தொண்டையில் அவ்வளவு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. அவனுக்குக் கேட்கவில்லை. ஓடிப்போய் அவன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். முடியவில்லை. இழுத்தேன். சரளைக்கல்லின் மேல், அவன் குதிகால் தரையில் கோடு போட, வெறும் மணல் இருந்த இடம்வரை தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், மணலை அள்ளி அள்ளிப் போட்டேன்.

வெளிச்சத்தைப் பார்த்த காதர் ரோட்டின் நடுவே நின்று வேனை மறித்திருந்தான். அம்மாவும் அவளோடு வேலை பார்க்கும் பெண்களும் இறங்கி ஓடிவந்தார்கள். யாரும் மாரில் அடித்துக்கொள்ளவில்லை. நான்கு பேர் குனிந்து, மருந்துத் தட்டைத் தூக்குவதுபோல ஒரே சமயத்தில், சிறு குலுக்கல்கூட இல்லாமல் அவனைத் தூக்கினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைக் குழாயடியில் நிறுத்தி, கால்விரல் இடுக்கில் சாம்பல் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கழுவினாள்.

"இழுத்தியா?" என்றாள்.

"தூக்க முடியலம்மா."

"சரி" என்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. மறுநாள் காலையில் அதே வேனில் வேலைக்குப் போனாள். அன்றைக்கே யாரோ லாரியில் மண் கொண்டுவந்து அந்தக் குழியை மூடினார்கள். பிள்ளைகள் வெடி வைத்து விளையாடினார்கள் என்று ஊரில் பேச்சாயிற்று. அதை மறுத்துச் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. ஜேசுராஜ் மதுரை ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்தான். முழங்காலுக்குப் பின்னால் தோல் சுருங்கி ஒட்டிக்கொண்டதில் வலது கால் மடங்கியபடி நின்றுவிட்டது. அச்சகத்துக்கு அவன் போகவேயில்லை.

போன வருடம் சாத்தூரில் ஒரு கல்யாண வீட்டில் அவனைப் பார்த்தேன். திருப்பூரில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருக்கிறானாம். பந்தியில் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, காலைப் பக்கவாட்டில் நீட்ட முடிந்தமட்டும் நீட்டிக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்தான்.

"ஏ புள்ள, நீ தாண்டுனத யார்ட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல. அன்னைக்கு நடந்ததுக்கு அப்புறம் அத எப்படிச் சொல்ல?"

"நானும் சொல்லல. காதர் பயலும் பாக்கல. நாஞ் செத்திருந்தா பாத்த ஆளே இல்லாமப் போயிருக்கும்." சிரித்தான். பிறகு இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "பின்சக்கரந்தான் மொதல்ல எறங்குச்சு. சத்தமே இல்ல புள்ள. எனக்கு அம்புட்டுப் பொறாமையா இருந்துச்சு."

சாம்பார் வந்தது. நாங்கள் சாப்பிட்டோம்.

திரும்பும்போது பஸ் அந்த வழியாகத்தான் வந்தது. கருவேலங்காடு இல்லை, மேடுகளைச் சமப்படுத்தி, மஞ்சள் கல் நட்டு, வளைவு வைத்து வீட்டுமனை போட்டிருக்கிறார்கள். ஓடை இருந்த இடத்தைக் கண்ணால் தேடினேன். தூர்த்து, மேலே சிமெண்டுச் சாலை போட்டிருந்தார்கள். ஒரு பெண்பிள்ளை ஹேண்டில்பாரில் பால் தூக்கைத் தொங்கவிட்டபடி, பால் தளும்பாமல் மெதுவாக, சைக்கிளில் அதன்மேல் போய்க்கொண்டிருந்தாள்.