பல்லுக்குத் தெரியாத முத்து

தாராவியில் முத்து கோர்க்கச் சேர்ந்த மூன்றாம் மாதமே எனக்கு எல்லாம் தெரியும் என்ற மிதப்பு வந்துவிட்டது. எல்லாமே பண்ணையில் வளர்த்த முத்துதான். கருப்பு என்றால் தாஹிதித் தீவு, பொன்னிறம் என்றால் பிலிப்பைன்ஸ் பக்கத்துத் தென்கடல். சந்தேகம் வந்தால் முன்பல்லில் தேய்ப்பேன்; நறநறத்தால் முத்து, வழுக்கினால் கண்ணாடி மணி. வீட்டுக்காரர் இறந்த பிறகு என் இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு போட்டது இந்த வேலைதான்.

மாட்டுங்காவிலிருந்து ஒரு அம்மாள், மகள் கல்யாணத்துக்காகத் தன் பழைய அகோயா மாலையைப் புது நூலில் கோர்க்கக் கொடுத்திருந்தார். ஜப்பான் கடலில் வளர்ந்த முத்து. நூலை அறுத்துவிட்டு எழுந்தேன்; முழங்கை இடித்து, அத்தனையும் பக்கத்துத் தட்டில் கொட்டிவிட்டது. அதில் அதே பருமனில் சீனாக் குளத்து நன்னீர் முத்து. இரண்டும் வெள்ளை, இரண்டும் உருண்டை. முதலாளி சேட்டுக்குத் தெரிந்தால் அன்றோடு வேலை போய்விடும். ஒவ்வொன்றாகப் பல்லில் தேய்த்தேன். எல்லாமே நறநறத்தன. எல்லாம் நல்ல முத்துதானே என்று கைக்கு வந்ததைக் கோர்க்க ஆரம்பித்தேன்.

எதிரே உட்கார்ந்து கோர்க்கும் காயல்பட்டினத்துக்காரி அதைப் பார்த்துவிட்டாள். ஃபேனுக்கு அடியில் யார் உட்காருவது என்ற சண்டையில் ஒரு வாரமாக எங்களுக்குள் பேச்சில்லை. எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏளா, முத்தா இல்லையான்னுதான் பல்லு சொல்லும். கடலா கொளமான்னு சொல்லாது. தொளைக்குள்ள பாரு.”

அவளுடைய லென்ஸில் பார்த்தேன். அகோயாவின் துளைக்குள் ஒரு மெல்லிய கோடு. உள்ளே வைத்து வளர்த்த சிப்பி ஓட்டு மணியும் அதன்மேல் படர்ந்த முத்தும் சேரும் இடம் அது. நன்னீர் முத்தில் அந்த மணி இல்லை, கோடும் இல்லை. கோர்த்ததை அறுத்தோம். தன் வேலையைப் போட்டுவிட்டு, சாயங்காலம் வரை என்னோடு உட்கார்ந்து பிரித்தாள்.

மாலையை வாங்க வந்த அந்த அம்மாள் அது தயாராகாமல் காத்திருக்க, சேட் கத்தினார். முத்து கலந்துபோனது தன் கை பட்டுத்தான் என்று அவள் முந்திக்கொண்டாள். இனி வேலைக்கு வராதே என்றார் சேட் அவளிடம். பயத்தில் நான் பேசாமல் நின்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வெளியே வந்ததும் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

“எம்புள்ளைகளுக்கு வாப்பா இருக்காவ. ஒம்புள்ளைகளுக்கு நீ மட்டுந்தானே.”

மறுநாள் சேட் கடை திறப்பதற்கு முன்பே போய் நின்று நடந்ததைச் சொன்னேன். திட்டித் தீர்த்துவிட்டு, அவளையும் வேலைக்குக் கூட்டிக்கொண்டு வா என்றார். அவள் வீடு வரை ஓடினேன். கதவைத் திறந்தவளிடம், சேட் உன்னையும் வரச் சொன்னார் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.